பெட்டிக்குப் பழைய விலாசம்

வேண்டாமுங்க தம்பி, பை என் மடியிலயே இருக்கட்டும். மேல வெச்சா பிரேக் போடறப்ப உருண்டுரும். கனமெல்லாம் இல்லீங்க, நீங்க நல்லாச் சாஞ்சு உக்காருங்க. பழனிக்குங்களா? நான் தாராபுரத்துல எறங்கிக்குவேன். அதுவரைக்கும் இந்தச் சீட்டுக்கு நம்ம ரெண்டு பேருந்தான்.

உள்ள என்னமோன்னு பாக்கறீங்க. ஒண்ணுமில்லீங்க, கம்ப்யூட்டர் சாமான். நீங்க கம்ப்யூட்டர் படிச்சவருங்களா? இல்லீங்களா. நல்லதாப் போச்சு. அதைப் படிச்சவங்களை நம்பி நான் பட்டது போதும்.

எம்பேரு நாச்சிமுத்துங்க. மின்வாரியத்துல வயர்மேனாச் சேந்து ஃபோர்மேனா ரிட்டையர் ஆனவன். கம்பத்துல ஏறி ஏறி மேல வந்தவன், நாற்காலியில உக்காந்து வந்தவன் இல்லீங்க. பெருந்துறை ரோட்டுல சொந்த ஊடு. ஒரே பையன், தரணிதரன். போன ஐப்பசியில போயிட்டானுங்க. டெங்கு. காச்சலுக்கு மாத்தரை போட்டுட்டு வேலை பாத்துட்டு உக்காந்திருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அவனே நடந்து போயி கார்ல ஏறுனான். வர்றப்ப அப்படி வரலீங்க.

இருக்கட்டும். அதை ஏன் இப்ப. நான் சொல்ல வந்தது இந்தப் பெட்டியைப் பத்தி.

இது ஒரு கறுப்புப் பெட்டிங்க, செங்கல்லை நிமித்தி வெச்சாப்பல இருக்கும். உள்ள ரெண்டு ஹார்டு டிஸ்க். இதுக்கு ஏதோ பேரு சொல்லுவாங்க, நாங்க பெட்டின்னே சொல்லிப் பழகிட்டோம். போன்ல எடுக்கற போட்டோ, வீடியோ எல்லாம் வைஃபையிலயே இதுக்குள்ள வந்து உக்காந்துக்கும், போன்ல எடம் வேணும்னு அங்க அழிச்சிருவோம். அப்புறம் எப்ப வேணுமோ போன்லயும் பாத்துக்கலாம், டிவியிலயும் பாத்துக்கலாம். எம்பையன் கல்யாணத்துல இருந்து பாப்பா நடக்கப் பழகுனது வரைக்கும் அத்தனையும் இதுலதான் இருந்துச்சு. பாப்பான்னா பேத்திங்க, தாரிகா. இப்ப எல்.கே.ஜி போகுது.

இதை எம்பையன் வெச்ச நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. கொரோனா சமயம். பாப்பா கைக்குழந்தை. அதைத் தோள்ல போட்டுட்டு அவன் ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துட்டே இருந்தான். மருமக மேகலா தரையில உக்காந்துட்டு லேப்டாப்புல டொக்கு டொக்குன்னு தட்டறா, வயரைப் புடுங்கறா, சொருகறா, மறுபடியும் தட்டறா. பொழுது போற வரைக்கும் அதே சோலி. கடைசியில பச்சை லைட் எரிஞ்சுது. தரணி எங்கிட்ட வந்து, "பாருங்கப்பா, இனி நம்ம ஊட்டுச் சமாச்சாரம் பூராவும் இதுக்குள்ள பத்திரமா இருக்கும்"னான். அப்படி ஒரு மூளைங்க எம்பையனுக்கு.

மாசத்துல ஒரு வாரம் சென்னை ஆபீஸுக்குப் போயிருவான். அவன் இல்லாட்டி பாப்பா தூங்காது. அதுக்காக அவனே கதை கட்டி, அவன் குரல்லயே சொல்லி, ரெக்கார்டு பண்ணி இதுல போட்டு வெச்சிருந்தான். ஏதோ பசங்க கதைங்க. அவன் போன பொறவும் பாப்பா அதைக் கேட்டுத்தான் தூங்கும். தெனமும் சாப்பிட்டு முடிச்சதும் மேகலா ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி போட்டு விடுவா. நான் ஒண்ணும் சொல்லலீங்க. சொல்றதுக்கு நான் யாரு.

கருமாதி முடிஞ்சதும் நான் சும்மா உக்காரலீங்க தம்பி. உக்காந்தா பைத்தியம் புடிச்சிரும். ஒவ்வொண்ணாப் பேரு மாத்துனேன். கேஸ் அவன் பேர்ல இருந்துச்சு, மாத்துனேன். கார் அவன் பேர்ல, மாத்துனேன். சர்வீஸ்ல எத்தனை ஊட்டுக்குப் பேர் மாத்திக் குடுத்திருக்கறேன் தெரியுங்களா. செத்தவங்க பேர்ல ஒரு கனெக்‌ஷன் ஓடக்கூடாதுங்க, பின்னால தொந்தரவு. ஊட்டுல இருக்கறவங்க அழுதுட்டே இருப்பாங்க, யாராவது ஒருத்தர் கல்லாட்ட நின்னு காரியத்தைப் பாக்கணும். எங்க ஊட்டுல அது நானு.

மிச்சம் இருந்தது இன்டர்நெட்டு. போனைத் தொறந்தா "தரணி ஊடு"ன்னு வரும். வைஃபைக்கு அவன் வெச்ச பேரு. தெனமும் போன் எடுக்கறப்பெல்லாம் அது வந்து நிக்கும். பேர் மாத்திக் குடுங்கன்னு கேட்டா, அப்படி மாத்த முடியாது, இதை நிறுத்திட்டுப் புதுசா எடுங்கன்னாங்க. சரின்னு எங்க ஏரியா கேபிள்காரர்கிட்ட புது கனெக்‌ஷன் சொல்லிட்டேன். ஆள் வந்து பழைய ரவுட்டரைக் கழட்டிட்டு புதுசு மாட்டுனான். "பேரு என்னங்க வெக்கறது?"ன்னான். மேகலா உள்ள இருந்து, "மாமா, பழைய பேரு, பழைய பாஸ்வேர்டே போடச் சொல்லுங்க, எல்லாம் அதுவாச் சேந்துக்கும்"னா. நான் எம்பேரைப் போடச் சொன்னேன். ஊடு எம்பேர்லதானுங்க இருக்குது.

தப்புங்களா? நீங்களே சொல்லுங்க.

இது அறச்சலூருங்களா? கூட்டம் ஏறுது பாருங்க. கொஞ்சம் இப்படித் தள்ளிக்கறேன்.

போனெல்லாம் புது வைஃபையில வந்துருச்சு. டிவி வந்துருச்சு. முன்னைக்கு இப்ப நல்ல வேகம். பெட்டி மட்டும் வரலீங்க. பச்சை லைட் எரியுது, காத்தாடி சுத்துற சத்தம் கேக்குது, ஆனா போன்ல தேடுனா இல்லேங்குது. அன்னிக்கு பாப்பா கதை கேட்டு அழுதுட்டே தூங்குச்சு. எனக்கு என்னமோ ரொம்ப நாளைக்கப்புறம் அன்னிக்குத்தானுங்க நல்ல தூக்கம். ஊடே அமைதியா இருந்துச்சு.

அடுத்த நாள் மேகலா பாப்பாவைக் கூட்டிட்டுத் தாராபுரம் கெளம்பறா. அவங்கம்மாவுக்குக் கண் ஆபரேசன். பையைத் தூக்கிட்டு வாசல்ல நின்னுட்டு எனக்கு ஒரு பாடம் எடுத்தா பாருங்க. "மாமா, பெட்டி நல்லாத்தானுங்க இருக்குது. ரவுட்டரு ஊட்டுல ஒவ்வொண்ணுக்கும் கதவு நம்பர் மாதிரி ஒரு நம்பர் குடுக்குமுங்க. புது ரவுட்டரோட நம்பர் வேற வரிசை. போனெல்லாம் புது நம்பரை வாங்கிக்கிச்சு. பெட்டிக்கு மட்டும் நம்பர் மாறவே கூடாதுன்னு நாங்க அப்பவே நெலையா வெச்சிருந்தோம். அது இன்னும் பழைய விலாசத்துலயே நின்னுட்டிருக்குது. அதை மாத்துனாப் போதுங்க. என் லேப்டாப்புல கேபிள் சொருகற எடம் இல்ல, அதுக்கு ஒரு சின்னத் துண்டு வயர் வாங்கணும். வாங்கிட்டு வந்து நான் பாத்துக்கறேன். அதுவரைக்கும் அதைத் தொட வேண்டாமுங்க மாமா."

தொட வேண்டாமுங்களாமா! முப்பது வருசத்துக்கு மேல கரண்டைத் தொட்டுப் பொழச்சவன்கிட்ட, அவன் ஊட்டுல, அவம்பையன் வெச்ச பெட்டியைத் தொடாதேங்குது. நான் கோவப்படலீங்க. புருசனைப் பறிகுடுத்த புள்ளை, அதுகிட்ட என்ன கோவம். "சரி அம்மிணி, நீ போயிட்டு வா"ன்னேன். ஆனா மனசுக்குள்ள நெனச்சுட்டேன். அவ திரும்பி வர்றதுக்குள்ள இதைச் சரி பண்ணி வெச்சிரணும். வந்து பாத்து, "மாமா, எப்படிங்க மாமா பண்ணுனீங்க?"ன்னு கேக்கணும். நல்லது பண்ணணும்னுதானுங்க நெனச்சேன்.

ஊட்டுக்காரியோட அண்ணன் பையன் நவநீதன், பெங்களூருல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கறான். ஞாயித்துக்கெழமை வரச் சொன்னேன். வந்தான். ரெண்டு பேரும் உக்காந்து ஒவ்வொண்ணாப் பாத்தோம். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனோம். வயரை மாத்துனோம், ரவுட்டர்ல ஓட்டையை மாத்துனோம். ரவுட்டரை ஆஃப் பண்ணிட்டுப் பெட்டியை முதல்ல போட்டோம், பொறவு மாத்திப் போட்டோம். எங்க லைன்ல ஃபால்ட் தேடறதும் இதே முறைதானுங்க. ஒவ்வொரு துண்டாக் கழட்டிப் பாத்துட்டே வந்தா எங்கயோ ஒரு எடத்துல மாட்டும். இது மாட்டலீங்க. லைட் மட்டும் பச்சையா எரிஞ்சுட்டே இருக்குது, எங்களைப் பாத்துச் சிரிக்கற மாதிரி.

எம்பட ஊட்டுக்காரி ருக்குமணி காப்பி கொண்டாந்து வெச்சுட்டு, "மேகலாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்"னா. நான் சொன்னேன், "அங்க அவங்கம்மா கண்ணைக் கட்டிட்டுப் படுத்திருக்கறாங்க, இப்பப் போயி அந்தப் புள்ளைகிட்டப் பெட்டியைப் பத்திப் பேசுவியா?"ன்னு. நியாயந்தானுங்களே. அவ டம்ளரை எடுத்துட்டுப் போயிட்டா. கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடியும் வந்து, "அவதான இதை..."ன்னு என்னமோ ஆரம்பிச்சா. "நீ போயி அடுப்பைப் பாரு"ன்னேன். வேலை நடக்கற எடத்துல நாலு பேச்சு இருக்கக்கூடாதுங்க.

அப்பத்தான் நவநீதன் சொன்னான், "மாமா, டிஸ்க்கை மட்டும் கழட்டி என் லேப்டாப்புல மாட்டிப் பாக்கலாமா? பெட்டி இல்லாட்டிப் போகுது, உள்ள இருக்கறதை எடுத்துக்கலாம்"னு. எனக்கு அது சரின்னு பட்டுச்சு. மெயின் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணி, பிளக்கைப் புடுங்கி, கொஞ்ச நேரம் விட்டுப் பொறவுதான் பெட்டியைத் தொறந்தோம். அதுல நான் கெட்டிங்க. சர்வீஸ்ல லைன் க்ளியர் வாங்காம ஒரு ஆளைக் கம்பத்துல ஏத்துனது இல்ல. லைன் க்ளியர்னா, அந்த லைன் யாரு கையில இருக்குதோ அவங்க வாயால "நிறுத்திட்டேன், நீ தொடலாம்"னு சொல்லணும். சொல்லாம கையை வெக்கக்கூடாது. எவ்வளவு பெரிய அதிகாரி அவசரப்படுத்துனாலும் சரி. நான் இருந்த செக்‌ஷன்ல ஒரு உசுரு போகலீங்க. என்னைப் பத்தி அங்க வேணா கேட்டுப் பாருங்க.

டிஸ்க்கை மாட்டுனதும் லேப்டாப்புல ஒரு கட்டம் வந்து நின்னுச்சு. நவநீதன் படிச்சுட்டு, "மாமா, இதைப் பயன்படுத்தணும்னா முதல்ல ஃபார்மட் பண்ணணும்ங்குது"ன்னான். "பண்ணு"ன்னேன். "இல்லீங்க மாமா, இது வேற மாதிரி டிஸ்க்கு, என் லேப்டாப்புக்குப் படிக்கத் தெரியலையோ என்னமோ. மேகலா அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."ன்னு இழுத்தான். எனக்குச் சுள்ளுன்னு வந்துருச்சுங்க. அவளும் தொடாதேங்கறா, இவளும் அவளைக் கேளுங்கறா, இவனும் அவளைக் கேக்கணுங்கறான். பெத்தவன் நான் ஒருத்தன் இங்க உக்காந்திருக்கறேன். "மாப்ளே, மெஷின் சும்மா கேக்காது. கேக்கறதைக் குடுத்தாத்தான் அடுத்த கதவு தொறக்கும்"னேன். அவன் கையை எடுத்துட்டான். நானே விரலை வெச்சு அமுத்துனேன்.

அமுத்துனது நானா இருக்கலாமுங்க. கேட்டது அவன் லேப்டாப்புதான. அப்படிக் கேக்கற மாதிரி எவன் செஞ்சு வெச்சானோ, அவனைத்தான் சொல்லணும்.

முடிஞ்சுது. நவநீதன் பாத்துட்டு, "மாமா, காலியா இருக்குது"ன்னான். அப்ப எனக்கு அந்த ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வந்துச்சுங்க தம்பி. டாக்டர் கதவைத் தொறந்துட்டு வெளிய வந்து கண்ணாடியைக் கழட்டுனாரே, அந்த நிமிசம். ஆனா நான் காட்டிக்கலீங்க. "இன்னொரு டிஸ்க் இருக்குதில்ல, அப்ப அதுலதான் இருக்கும். அதை மாட்டு"ன்னேன். அவன் மாட்டமாட்டேன்னான். நான் மாட்டுனேன். அதுவும் அதையே கேட்டுச்சு. ஒண்ணுக்குக் குடுத்தாச்சு, இதுக்கும் குடுத்தாத்தான ரெண்டும் சேரும்னு நெனச்சேன். குடுத்தேன்.

ஒண்ணுல இருக்கறதேதான் இன்னொண்ணுலயும் இருக்குமாம். ஒண்ணு கெட்டுப் போனா இன்னொண்ணு காப்பாத்தணும்னு அப்படி வெச்சதாம். அது பொறவு கம்ப்யூட்டர் கடையில சொல்லித்தானுங்க தெரியும். முன்னாலயே ஒருத்தர் வாயைத் தொறந்து சொல்லியிருந்தா நான் ஏனுங்க ரெண்டாவதைத் தொடப் போறேன்.

ரெண்டையும் திரும்பப் பெட்டியில போட்டு ஆன் பண்ணுனோம். அது புதுசாட்ட ஆரம்பிச்சுது. அடுத்த நாள் காலையில வரைக்கும் உள்ள என்னமோ எழுதிட்டே இருந்துச்சு. எழுதி முடிச்சதும், என்ன அதிசயம்னு கேளுங்க, போன்ல பெட்டி தெரியுது! ரவுட்டர்கிட்டப் புது நம்பரை வாங்கிட்டு, போனோடயும் டிவியோடயும் ஒண்ணாச் சேந்து நிக்குது. எதைச் சரி பண்ண உக்காந்தமோ அது சரியாப் போச்சு. உள்ளதான் ஒண்ணுமில்ல.

நவநீதன் சாப்பிடாமயே பெங்களூருக்குக் கெளம்பிட்டான். அதுக்கப்புறம் என் போனை எடுக்கறதில்ல. இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்புங்கறதே இல்லீங்க.

காங்கேயமுங்களா? பஸ் கொஞ்ச நேரம் நிக்கும். நீங்க டீ குடிக்கணும்னா எறங்கிட்டு வாங்க, சீட்டை நான் பாத்துக்கறேன். வேண்டாமுங்களா. சரி, இருங்க, சொல்லி முடிச்சர்றேன்.

மேகலாவுக்கு நான் போன்ல ஒண்ணும் சொல்லலீங்க. நேர்ல சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். வந்தா. பாப்பாவைக் கையில புடிச்சிருக்கறா, தோள்ல பை. உள்ள வந்ததும் பைக்குள்ள இருந்து ஒரு சின்னத் துண்டு வயரை எடுத்து டேபிள் மேல வெச்சா. லேப்டாப்புக்கு வேணும்னு சொன்னாளே, அது. தேடிப் புடிச்சு வாங்கிட்டு வந்திருக்கறா. பாப்பா, "அம்மா, அப்பா கதை போடு, அப்பா கதை போடு"ன்னு காலைக் கட்டிட்டுக் குதிக்குது. இரு கண்ணு, அம்மா சரி பண்ணிட்டுப் போடறேன்னுட்டே போனைத் தொறந்தவ அப்படியே நின்னுட்டா.

"மாமா! பெட்டி வந்துருச்சே! நீங்களே மாத்திட்டீங்களா?"ன்னு என்னைப் பாத்துச் சிரிச்சாளுங்க தம்பி. அவன் போன பொறவு அந்தப் புள்ளை சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அவ எதைக் கேக்கணும்னு நான் நெனச்சனோ அதையேதான் கேட்டா. நான் தலையை ஆட்டுனேன். ஆட்டாம என்னுங்க பண்றது, அந்த மொகத்தைப் பாத்துட்டு.

பொறவு உள்ள போயித் தொறந்து பாத்திருக்கறா. தரையில உக்காந்துட்டா. போனைத் தேய்க்கறா, தேய்க்கறா, மறுபடியும் மொதல்ல இருந்து தேய்க்கறா. அப்புறம் தலையைத் தூக்காமயே, "ரெண்டு டிஸ்க்குமா மாமா?"ன்னு கேட்டா. அதை மட்டுந்தான் கேட்டா.

எனக்கு ஆறுதலா நாலு வார்த்தை சொல்லணும்னு பட்டுச்சு. "ஆளே போயிட்டான் அம்மிணி, இனி அவன் குரலை வெச்சுட்டு நம்ம என்ன பண்ணப் போறோம்"னேன். ஆறுதலுக்குத்தானுங்க. எனக்கு மட்டும் வெசனம் இல்லீங்களா? நான் பெத்தவன். அவ என்னை நிமிந்து ஒரு பார்வை பாத்தா பாருங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல.

விடிஞ்சதும் தாராபுரத்துக்கே கெளம்பிட்டா. சண்டை கிண்டை ஒண்ணுமில்ல. ருக்குமணிகிட்ட, "போயிட்டு வர்றனுங்க அத்தை"ன்னா. எங்கிட்டச் சொல்லலீங்க. பாப்பாவோட ஸ்கூல் பையையும் தூக்கிட்டுப் போறா. அதைப் பாத்தப்பத்தான் ருக்குமணி வாசப்படியிலயே உக்காந்து அழுதா. பாப்பாவை அங்கயே ஸ்கூல்ல சேத்தியாச்சாம். இப்ப ஊட்டுல நானும் அவளுந்தான். அவளும் எங்கூடப் பேச்சைக் கொறைச்சுட்டா. சோறு வெக்கறா, தண்ணி வெக்கறா, அவ்வளவுதான்.

கடையில குடுத்துப் பாத்தேனுங்க. ரெண்டு நாள் வெச்சிருந்து பாத்துட்டு, பாதி மொகம், பாதி செவுருன்னு கொஞ்சம் போட்டோ வருது, சத்தம் ஒண்ணும் வரலேன்னாங்க. மேல எங்கயாவது பெரிய எடத்துல குடுத்தா ஏதாச்சும் வரலாம், வராமயும் போகலாமாம். அதான் தூக்கிட்டுப் போறேன். மேகலாகிட்டயே குடுத்தர்றேன். அவ எங்க குடுக்கணுமோ குடுத்துக்கட்டும்.

இதுக்கெல்லாம் காரணம் அந்த ரவுட்டருங்க. நிம்மதியா இருந்த ஊட்டுல... சரி, விடுங்க.

தெனமும் சாயந்தரம் பாப்பா அவங்கப்பத்தாகிட்ட போன்ல பேசும். நேத்து நான் வாங்கிப் பேசுனேன். "கண்ணு, தாத்தா உனக்கு ஒரு கதை சொல்லட்டுமா?"ன்னேன். "அப்பா கதை சொல்லுங்க தாத்தா"ன்னுச்சு. "அது தாத்தாவுக்குத் தெரியாதே சாமி"ன்னேன். "உங்களுக்குத் தெரியும். அதுல நீங்கதான வருவீங்க"ன்னுது.

நானான்னேன். ஆமாங்குது. எல்லாக் கதையிலயும் தாத்தாதான் வருவாராம்.

நான் ஒரு கதையும் கேட்டதில்லீங்க தம்பி. ஒண்ணுகூட. அவன் இருக்கறப்ப, பசங்க கதைதானன்னு நியூஸ் பாத்துட்டு உக்காந்திருப்பேன். அவன் போன பொறவு, அந்தக் குரல் ரூமுக்குள்ள இருந்து வந்துச்சுன்னா செருப்பை மாட்டிட்டு வெளிய போயிருவேன். ரோடு முனை வரைக்கும் போயி நின்னுக்குவேன். கதை முடிஞ்சிருக்கும்னு தோணுன பொறவுதான் ஊட்டுக்கு வருவேன். முடியலீங்க. உள்ள உக்காந்து பேசற மாதிரியே இருக்கும். எழுந்து போயிக் கதவைத் தொறந்தா அங்க அவன் இருக்கமாட்டான். அது என்னால முடியலீங்க.

"என்ன கதை கண்ணு, தாத்தா என்ன பண்ணுவாரு?"ன்னு கேட்டேன். சொல்லுச்சு. மழை கொட்டுதாம். ஊரெல்லாம் இருட்டாம். யானைக்குட்டி, கோழி, பாப்பா எல்லாரும் பயந்துட்டுக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறாங்களாம். தாத்தா ரெயின் கோட்டுப் போட்டுட்டு வண்டியில டுர்ர்ருன்னு வர்றாராம். கம்பத்துல ஏறுறாராம். "அப்புறம்?"னேன். "அப்புறம் அப்பா சொல்லுவாரு"ன்னுச்சு. "அப்பா என்ன சாமி சொல்லுவாரு?"ன்னேன். "எனக்கு வராது தாத்தா. அப்பா சொன்னாத்தான் வரும்"னுச்சு. அதுக்குள்ள அங்க யாரோ போனை வாங்கிட்டாங்க.

அவன் சின்னப் பையனா இருக்கறப்ப மழை வந்தா நான் ஊட்டுல இருக்கமாட்டேனுங்க. மழை வந்தாத்தான எங்களுக்கு வேலை. அவனும் அவங்கம்மாவும் இருட்டுல உக்காந்திருப்பாங்க. ஊருக்கெல்லாம் கரண்டு குடுக்கறீங்க, நம்ம ஊட்டுக்குக் கடைசியிலதான் வர்றீங்கன்னு ருக்குமணி சண்டை போடுவா. அவன் பாத்துட்டே நிப்பான். மனசுல என்மேல ஒரு கோவம் இருக்கும்னுதான் நான் இத்தனை வருசமா நெனச்சுட்டிருந்தேன். கேட்டதில்ல. ஆம்பளைப் பையன்கிட்ட அதையெல்லாம் எப்படீங்க கேக்கறது. அவன் என்னடான்னா, எம்புள்ளை, அதை அவம்புள்ளைக்குக் கதையாச் சொல்லி வெச்சிருக்கறான்.

இல்லீங்க, கண்ணுல தூசி. சன்னலைக் கொஞ்சம் சாத்துங்க. போதும், போதும்.

ருக்குமணிகிட்டக் கேட்டேன். "நான் அடுப்படியில இருந்து அரைகொறையாக் கேட்டதுதான். உங்களைப் பத்தின்னு தெரியும். முடிவு தெரியாது"ன்னா. "ஏண்டி இத்தனை நாளாச் சொல்லலே?"ன்னேன். "கதை ஆரம்பிச்சா நீங்க எங்க நின்னீங்க?"ன்னா.

ஊதியூர் தாண்டிருச்சா? அப்ப எறங்கற எடம் வரப் போகுதுங்க. கொஞ்சம் வழி விடுங்க, பையை இப்பவே சரியாப் புடிச்சுக்கறேன்.

மருமகளையும் பேத்தியையும் கூட்டிட்டு வரப் போறேன்னுதான் ஊட்டுல சொல்லிட்டு வந்தேன். கண்டக்டர்கிட்டக்கூட வர்றப்ப மூணு பேருன்னு பெருமையாச் சொன்னேன், நீங்க கேட்டிருப்பீங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னுங்க. அவ வரமாட்டா. நான் கூப்பிட்டு வர்ற மாதிரியா பண்ணி வெச்சிருக்குது இந்தப் பெட்டி. உள்ள வாங்கன்னுகூடச் சொல்லமாட்டாளோ என்னமோ. பரவால்லீங்க. வாசல்ல நிக்க வெச்சாலும் சரி. அவ தெனமும் பாப்பா பக்கத்துல படுத்துக் கேட்டவ, முழுசும் தெரிஞ்சவ இப்ப அவ ஒருத்திதான். அவகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வந்தர்றேன்.

அம்மிணி, அந்தக் கதையில நான் கம்பத்துல ஏறுனனே, லைட் வந்துச்சான்னு.